கழிதலா, கழித்தலா?

14.10.2025, செவ்வாய்க்கிழமை. அன்றுவரை பழுதின்றி ஓடிய கோடிக்கணக்கான கணிப்பொறிகள் அன்றோடு ‘பழையவை’ ஆயின. அவற்றின் விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயவில்லை. திரையில் ஒரு கீறலும் விழவில்லை. மூளையாகிய செயலி ஒரு நொடியும் சோரவில்லை. முதல்நாள் கடைக்கணக்கை எழுதிய பொறி மறுநாளும் அதனை எழுதியது. எனினும், அமெரிக்க நாட்டு மைக்கிரோசாப்டு நிறுவனம் தன் விண்டோசு-10 என்னும் இயங்குதளத்தைப் பேணுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டது. நிறுத்தவே, அப் பொறிகள் கதவிருந்தும் தாழில்லாத வீடுகளாயின.

பேணுதல் என்பது இங்கு என்ன என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். இயங்குதளம் மாந்தர் எழுதிய நிரல். கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட அந் நிரலில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவ் வோட்டைகளின் வழியே நச்சுநிரல்கள் நுழையும், கணக்குகளைக் களவாடும், கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு மீட்புப்பணம் கேட்கும். ஆகவே, திங்கள்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் அந் நிறுவனம் ஓட்டைகளை அடைக்கும் காப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகின்றது. இதனை ஏதோ பெருந்தன்மையாற் செய்யும் அறப்பணிபோற் பேசுவோர் உளர். அடைக்கப்படும் ஓட்டை வாங்கியவன் இட்டதன்று, விற்றவன் விட்டது. காசு வாங்கிக்கொண்டு விற்ற குடத்தில் தான் விட்ட விரிசலைக் குயவன் பூசித் தருவது கொடையாகுமா? அப் பூச்சையும் ஒரு நாள் குறித்து நிறுத்திவிட்டு, ‘புதுக்குடம் வாங்கிக்கொள்’ என்பானாயின் அவனை ஊரார் என்ன சொல்வர்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. விண்டோசு-10உம் விண்டோசு-11உம் பெரும்பகுதி ஒரே நிரலால் ஆனவை. ஆகவே, புதியதற்கு வரும் திருத்தத்தைக் கூர்ந்து நோக்கும் கள்வனுக்குப் பழையதில் ஓட்டை எங்கிருக்கின்றது என்பது எளிதில் விளங்கிவிடும். ஒரு வீட்டுக்குத் தாழ் இட்ட ஓசையே அடுத்த வீட்டுக்குத் தாழ் இல்லை என்று பறைசாற்றுகின்றது.

ஆங்கிலர் இதனைப் ‘பிளான்டு ஆப்சலசென்சு’ என்பர். நம் செய்தித்தாள்களில் மொழிபெயர்ப்போர் இதனைத் ‘திட்டமிட்ட வழக்கொழிவு’ என்று எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றனர். அங்கேதான் குற்றவாளி தப்பிவிடுகின்றான். ஒழிவு தன்வினை, தானே ஒழிவது. ஒழிப்பு பிறவினை; ஒருவன் ஒழிப்பது. பழையன கழிவது காலத்தின் இயல்பு என்று நன்னூலார் சொன்னதை எடுத்துக்காட்டி, ‘கணிப்பொறிக்கும் அதுதானே நெறி?’ என்று கேட்போர் நம்மிடையேயும் உளர். பவணந்தியார் சொன்னது கழிதல், கழித்தல் அன்று. ஓர் ஒற்றெழுத்து மிகுந்த மாத்திரத்தில் வினைமுதல் வெளிப்பட்டு நிற்பதைத் தமிழ் இலக்கணம் காட்டிவிடுகின்றது. உளுத்துப்போன உத்தரம் கழிகின்றது. உறுதியாய் நிற்கும் உத்தரத்தில் ஒருவன் வாளை வைத்து அறுத்தால் அது கழிக்கப்படுகின்றது. இரண்டையும் ஒரு பெயரால் அழைப்பது அறுத்தவனுக்குத் துணைபோவதாகும்.

இனி, அறுத்த வகையைப் பார்ப்போம். 5.10.2021 அன்று விண்டோசு-11 வெளியிடப்பட்டது. அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்கின்றது நிறுவனம். ஆனால், மாறுதற்கு இட்ட வரையறைகள் எவை? மறைக்குறிகளைப் பூட்டிவைக்கும் ‘டி.பி.எம். 2.0’ என்னும் காப்புச் சில்லு பொறிக்குள் இருத்தல் வேண்டும். செயலி, இன்டெல் நிறுவனத்ததாயின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டதாக இருத்தல் ஆகாது. எட்டாம் தலைமுறை 2017ஆம் ஆண்டில்தான் வெளிவரத் தொடங்கியது. எனவே, அவ் வாண்டிலும் அதன் பின்னரும் கடைகளில் புத்தம்புதிதாய் விற்கப்பட்ட ஏழாம் தலைமுறைப் பொறிகள், நான்கு ஆண்டு அகவையில் தகுதியற்றவை எனத் தள்ளப்பட்டன.

ஏழாம் தலைமுறையில் அப்படி என்ன குறை? இவ் வினாவுக்கு நிறுவனத்தின் செயலே விடை சொல்லிற்று. மைக்கிரோசாப்டு, தானே செய்து 2018இல் விற்பனைக்கு விட்ட ‘சர்பேசு சுடூடியோ-2’ என்னும் உயர்விலைக் கணிப்பொறியில் இருந்தது ஏழாம் தலைமுறைச் செயலியே. தகுதிப் பட்டியல் முதலில் வெளிவந்தபோது அதற்கும் இடமில்லை. பின்னர் 2021ஆம் ஆண்டிலேயே பட்டியல் திருத்தப்பட்டது. ஏழாம் தலைமுறையின் மடிப்பொறிச் செயலிகளுள் அந்த 7820எச்.கியூ. என்னும் ஒன்றற்கு மட்டும் கதவு திறந்தது. இயக்கு நிரல்கள் புதுமுறைப்படி அமைந்த பொறிகளுக்கு மட்டும் அவ் விலக்கு என்று கரணியம் கற்பித்தனர். இருக்கட்டும். அதே தலைமுறையிற் பிறந்த உடன்பிறப்புகள் வாயிலில் நிற்க, வீட்டுக்காரனின் பிள்ளை மட்டும் பந்தியில் அமர்த்தப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குருடர் அல்லர்.

நிறுவனத்தின் சார்பாக வழக்காடுவோர் மூன்று செய்திகளைச் சொல்வர். முதலாவது, முடிவு நாளை முன்னரே அறிவித்துவிட்டார்கள் என்பது. உண்மைதான், விண்டோசு-10 வெளிவந்த 2015லேயே நிறுவனத்தின் கால அட்டவணையில் 14.10.2025 என்னும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், அதே ஆண்டு மே மாதம் சிக்காகோவில் நடந்த அந் நிறுவனத்தின் மாநாட்டு மேடையில் அதன் பணியாளர் ஒருவர், விண்டோசு-10தான் விண்டோசின் கடைசிப் பதிப்பு என்று சொன்னார். உலகெங்கும் செய்தித்தாள்கள் அதனைத் தலைப்பாக்கின. நிறுவனம் அதனை மறுத்து ஓங்கி ஒரு சொல் சொல்லவில்லை. காதுக்கு ஒரு செய்தி, அட்டவணைக்கு ஒரு செய்தி. எளிய கடைக்காரனும் பள்ளியாசிரியனும் எதனைக் கேட்டிருப்பர்?

இரண்டாவது, எல்லாம் காப்புக்காகவே என்பது. டி.பி.எம். சில்லு உண்மையிலேயே பயனுள்ளதுதான். அதனை மறுக்கத் தேவையில்லை. ஆனால், அது இன்றியமையாததா? கருவிகளுக்குள் பொருத்துவதற்கென்று அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட விண்டோசு-11இன் நெடுங்காலப் பதிப்பில் அச் சில்லு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று வரையறுத்திருக்கின்றது. மொத்தமாக வாங்கும் தொழிற்சாலைக்குத் தேவைப்படாத காவல், ஒற்றைப் பொறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு மட்டும் உயிர்நிலையாகி விடுகின்றது!

மூன்றாவது, பழையதைப் பேணுவதற்குச் செலவாகின்றது என்பது. இங்கேதான் வழக்கு முற்றிலும் சாய்கின்றது. ஏனெனில், விண்டோசு-10க்கான திருத்தம் எழுதும் வேலை 14.10.2025 அன்று நிற்கவில்லை. பணம் வழங்கும் பொறி, மருத்துவக் கருவி போன்றவற்றுள் பொருத்தப்படும் விண்டோசு-10இன் 2021ஆம் ஆண்டு நெடுங்காலப் பதிப்புக்கு 13.1.2032 வரை திருத்தங்கள் தரப்படும் என்று நிறுவனமே எழுத்தில் உறுதி சொல்லியிருக்கின்றது. அடிநிரல் ஒன்றே, ஓட்டையும் ஒன்றே, அடைப்பும் ஒன்றே. எழுதி முடித்த திருத்தத்தை இன்னொரு பொறிக்குப் படியெடுத்து அனுப்புவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? மருந்து காய்ச்சியாயிற்று, கலயம் நிறைய இருக்கின்றது, ஒருவனுக்கு ஊற்றி ஒருவனுக்கு மறுக்கின்றனர்.

மறுத்தபின் அதனையே விலைக்கு விற்கின்றனர். வீட்டுப் பொறிக்கு மேலும் ஓராண்டுத் திருத்தம் வேண்டுமாயின், அதாவது 13.10.2026 வரை வேண்டுமாயின், 30 டாலர் என்றனர். பணம் தர இயலாதவன் தன் பொறியின் அமைப்புகளை நிறுவனத்தின் சேமிப்பகத்தோடு இணைத்துவிட்டாற் போதும் என்றனர். அஃதாவது, காசுக்கு மாற்றாகத் தன்னையே பதிவு செய்துகொள்ள வேண்டும். வணிக நிலையங்களுக்கு முதலாண்டில் பொறி ஒன்றுக்கு 61 டாலர். இரண்டாம் ஆண்டு அதன் இருமடங்கு 122. மூன்றாம் ஆண்டு அதனினும் இருமடங்கு 244. எழுதும் செலவு ஆண்டுதோறும் இரட்டிப்பாகின்றதா? இல்லை. வாங்குவோன் ஓடிப்போய்ப் புதுப்பொறி வாங்க வேண்டும் என்பதற்காக முதுகில் வைக்கும் சூடு அது. இதற்கிடையில், ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பினர் குரல் எழுப்பவே, 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்து மக்களுக்கு மட்டும் அவ் வோராண்டுத் திருத்தம் விலையின்றியே தரப்படும் என்றாயிற்று. தட்டிக் கேட்ட கண்டத்துக்கு ஒரு நெறி. கேளாத கண்டங்களுக்கு ஒரு நெறி.

இயலாது என்று சொல்லப்பட்டது இயன்றதற்கு இன்னொரு சான்றும் உண்டு. விண்டோசு எக்சு.பி.யின் பேணுகை 8.4.2014 அன்று முடிந்தது. முடிந்தபின்னும் பிரித்தானிய அரசு 55 இலக்கம் பவுண்டுக்கு மேற் கொட்டிக் கொடுத்து ஓராண்டுத் திருத்தத்தை வாங்கிக்கொண்டது. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் 150 நாடுகளில் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளில் அறுவைகளையே ஒத்திவைக்கச் செய்தபோது, மைக்கிரோசாப்டு அந்த எக்சு.பி.க்கும் எல்லார்க்கும் பொதுவாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. மூன்றாண்டுக்கு முன் ‘செத்ததாக’ அறிவிக்கப்பட்டதற்கு ஒரே நாளில் உயிர் கொடுக்க முடிந்தது. உலகத்தின் பழி தன்மேல் விழும் என்று அஞ்சினால் முடிகின்றது.

இந் நோய் மைக்கிரோசாப்டுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறியோடு பிறந்ததும் அன்று. 1924 திசம்பரில் செனீவா நகரில், ஓசுராம், பிலிப்சு முதலிய மின்குமிழ் நிறுவனங்கள் கூடி ‘பீபசு’ என்னும் கூட்டை அமைத்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணிநேரம் வரை எரிந்த குமிழ்கள் இருந்தன. அக் கூட்டு, எந்தக் குமிழும் 1,000 மணிநேரத்துக்கு மேல் எரிதல் ஆகாது என்று வரையறுத்தது. உறுப்பு நிறுவனங்களின் குமிழ்களை வாங்கி எரித்துப் பார்த்தது. நெடுநேரம் எரிந்த குமிழைச் செய்த நிறுவனத்தின்மேல் ஒறுப்புத்தொகை விதித்தது! நன்றாகச் செய்தமைக்குத் தண்டம் கட்டிய கைவினைஞரை வரலாற்றில் வேறெங்கும் காண்பது அரிது. இரண்டாம் உலகப்போர் வந்துதான் அக் கூட்டு குலைந்தது.

அதன் கருத்து குலையவில்லை. பெரும் பொருளியல் வீழ்ச்சியின் நடுவே, 1932இல், நியூயார்க்கு நகரத்து மனைத் தரகர் பெர்னார்டு இலண்டன் என்பார் ஒரு குறுநூல் வெளியிட்டார். காலணி, வீடு, பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்யும்போதே அரசு வாழ்நாள் குறித்துவிட வேண்டும். அந் நாள் கடந்ததும் அவை சட்டப்படி ‘இறந்தவை’ ஆக வேண்டும். அதன்பின்னும் அவற்றை வைத்திருப்போர் வரி கட்ட வேண்டும் என்பது அவர்தம் திட்டம். அன்று எந்த அரசும் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் அரசுக்குத் தர எண்ணிய உரிமையைத் தொண்ணூறு ஆண்டுக்குப் பின் ஒரு தனியார் நிறுவனம் தானே எடுத்துக்கொண்டிருக்கின்றது. நல்ல பொறிக்கு இறந்தநாள் குறிக்கின்றது. வைத்திருப்போனிடம் ஆண்டுக்கு 30 டாலர் கேட்கின்றது. வரிக்குப் பெயர் மட்டும் மாறியிருக்கின்றது.

சட்டங்கள் மெல்ல விழிக்கத் தொடங்கியிருக்கின்றன. பொருளின் வாழ்நாளை வேண்டுமென்றே குறைப்பதை 2015இல் குற்றமென்று சட்டமாக்கியது பிரான்சு; இரண்டாண்டுச் சிறையும் மூன்று இலக்கம் ஐரோ வரை தண்டமும் அதற்கு உண்டு. பழைய ஐபோன்களின் விரைவை மென்பொருளால் மட்டுப்படுத்தியதை ஆப்பிள் நிறுவனம் 2017 திசம்பரில் ஒப்புக்கொண்டது. இளைத்த மின்கலத்தால் கருவி திடுமென அணைந்துவிடாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாகச் சொல்லிற்று. வாங்கியவர்க்கு அதனைச் சொல்லாமல் மறைத்ததற்காக 2020இல் பிரான்சு அதன்மேல் 2 கோடியே 50 இலக்கம் ஐரோ தண்டம் விதித்தது. இத்தாலி 2018லேயே ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் தண்டம் விதித்திருந்தது. 20.6.2025 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் கைப்பேசிக்கும் பலகைக்கணினிக்கும், அவ் வகையின் விற்பனை முடிந்தபின் ஐந்தாண்டு வரை இயங்குதள மேம்பாடு கிடைக்க வேண்டும் என்பது சட்டம். மேசைக் கணிப்பொறியும் மடிக்கணிப்பொறியும் அதில் இல்லை. கோடிக்கணக்கில் தள்ளப்படும் பொருள் எதுவோ அதுவே விடுபட்டிருக்கின்றது.

தள்ளப்படுபவை எங்குப் போகும்? விண்டோசு-10இன் முடிவால் 24 கோடிப் பொறிகள் மின்குப்பையாகக் கூடும் என்று கனாலிசு என்னும் சந்தையாய்வு நிறுவனம் 2023 திசம்பரில் கணக்கிட்டுச் சொன்னது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் குவிந்த மின்குப்பை 6 கோடியே 20 இலக்கம் டன் என்கின்றது ஒன்றிய நாடுகள் அமைப்பின் அறிக்கை. அதில் முறையாகத் திரட்டி மீட்கப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. எஞ்சியதன் ஒரு பகுதி ஏழை நாடுகளின் புறநகர்களுக்கு வந்து சேரும். அங்குச் சிறுவர்கள் கம்பிகளை எரித்துச் செம்பு பிரிப்பர். காரீயப் புகையை உண்பர். அமெரிக்காவில் ஓர் அட்டவணையில் எழுதிய நாள், அக் கண்டத்தையே காணாத ஒரு பிள்ளையின் நுரையீரலில் முடிகின்றது.

வழி இல்லாமல் இல்லை. இலினக்சு முதலிய கட்டற்ற மென்பொருள்கள் அப் பழைய பொறிகளில் இன்றும் செவ்வனே ஓடுகின்றன. 2025இல் கே.டி.ஈ. முதலிய கட்டற்ற மென்பொருட் குழுவினர், விண்டோசு-10 பொறிகளை இலினக்சுக்கு மாற்றித் தரும் இயக்கமொன்றையே தொடங்கினர். அங்கும் பழையவை கைவிடப்படுவது உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1991இல் இலினசு தோர்வால்சு எந்த 80386 செயலியின்மேல் இலினக்சை எழுதத் தொடங்கினாரோ, அச் செயலியையே 2012இல் இலினக்சு கைவிட்டது. ஆனால், 1985இல் வந்த அச் செயலி 27 ஆண்டு அகவையில்தான் கைவிடப்பட்டது. இங்கோ நான்காண்டில் கதவடைப்பு. மேலும், அங்கு நிரல் திறந்து கிடக்கின்றது. ஒருவர் கைவிட்டதை மற்றொருவர் எடுத்துப் பேணலாம். இங்கு, தானும் பேணாமல் பிறரையும் பேணவிடாமல் பூட்டு. வைக்கோற்போரில் படுத்த நாய்க்கும் இதற்கும் வேறுபாடு யாது? பேணுவதை நிறுத்துகின்றவன் நிரலைத் திறந்துவிட்டு விலகட்டும். திறக்க மாட்டானாயின் பேணட்டும். தன் பிழையைத் திருத்தத் தானே விலை கேட்பதை எந்த நாட்டுச் சட்டமும் பொறுத்தல் ஆகாது. முடிவு நாளை அட்டவணையின் மூலையில் அன்றிப் பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், அதே பருமனான எழுத்தில் அச்சிட வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த மாற்றுவழி ஒருமுறை பெட்டிக்குள்ளேயே வந்தது. 15.9.2011 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில், விண்டோசோடு ‘பாசு’ என்னும் இலினக்சுத் தளமும் சேர்த்தே தரப்பட்டது. அதனை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக்கு ஆய்வு நிறுவனம். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு பாடமாகவே சேர்ந்தது. பாடத்தில் படித்ததை அலுவலகத்திலும் கடையிலும் காணவொட்டாமல் தடுப்பது பழக்கம் ஒன்றே.

அப் பழக்கத்தின் விலையைத் தமிழ் அச்சகங்களிற் காணலாம். ஒருங்குறி பரவுமுன், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடாக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் பேச்சுமேக்கர் என்னும் மென்பொருளில் கோக்கப்பட்டன. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அம் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது அடோபி நிறுவனம். அக் கோப்புகளைத் திறக்கப் பழைய மென்பொருள் வேண்டும். அம் மென்பொருளுக்குப் பழைய இயங்குதளம் வேண்டும். அத் தளத்துக்குப் பழைய பொறி வேண்டும். ஆகவேதான் அச்சகத்தின் மூலையில், வலைத்தொடர்பு கழற்றப்பட்ட எக்சு.பி. பொறியொன்று தூசி படிந்தபடி இன்னும் உறுமிக்கொண்டிருப்பதைக் காண நேர்கின்றது. அதற்குள் மறுபதிப்புக் காணாத தமிழ்நூல்களின் பக்கங்கள் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் கட்டற்ற வடிவில் சேமிக்கும் வேலையை யாரேனும் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் செய்தாக வேண்டும். அது முடியுமட்டும் அந்தப் பொறி ஓடியாக வேண்டும்.